ஹால் டிக்கெட் வராத தேர்வு

இந்த ஆய்வில் வரும் மாணவர் கரூர்க்காரர். அவர் பெயரையும் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நடந்ததை எழுதச் சொன்னவர் அவர்தான். எழுதி முடித்ததும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னார், திருத்திவிட்டேன்.

இடம், ஜெர்மனியின் மேற்கே உள்ள ரூர் பகுதி. நிலக்கரியால் வளர்ந்த நிலம் இது. சுரங்கத் தொழில் சரிந்துகொண்டிருந்த 1960களில்தான் போஹும், டோர்ட்முண்ட் நகரங்களில் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பாட்ரோப் நகரில் மூடப்பட்டது. இன்று இந்தப் பகுதியின் ரயில்களில் காலை நேரத்தில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கேட்காத பெட்டி குறைவு. 2022-23 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 49,483.

நானும் இங்கே படித்து, இங்கேயே வேலையில் இருப்பவன். சனிக்கிழமைகளில் புதிதாக வரும் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய தாள்களைப் பார்ப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். வெளிநாட்டில் படிக்க வருபவர்களைப் பற்றி எழுதுபவர்கள் குளிரைச் சொல்வார்கள், சாப்பாட்டைச் சொல்வார்கள், தனிமையைச் சொல்வார்கள். மூன்றும் இந்தத் தம்பியையும் வாட்டின. ஆனால் அவரைச் சாய்த்தது வேறு ஒன்று.

பின்னணி

அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். அம்மா வீட்டில். ஒரு தங்கை. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து 8.4 சி.ஜி.பி.ஏ. வாங்கியிருந்தார். கல்லூரியில் ஒரு அரியர்கூட வைத்ததில்லை. இங்கே முதுநிலைப் படிப்புக்கு, வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கிக் கல்விக்கடன். அன்றைய விதிப்படி, விசாவுக்கு 11,208 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் சுமார் 10 லட்சம் ரூபாய். மாதம் 934 யூரோ மட்டுமே அதிலிருந்து வெளியே வரும். படிப்பு முடியும்வரை தவணை கிடையாது என்றாலும் வட்டி ஓடும். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல். அதை அப்பா கட்டினார். இந்த ஒரு விஷயம் பின்னால் நடந்த எல்லாவற்றிலும் நிழலாக இருந்தது.

இந்திய மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களை முன்கூட்டிச் சரிபார்த்து ஏ.பி.எஸ். சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2022 நவம்பரில் வந்தது. அந்தச் சான்று, அதன்பின் விசா சந்திப்பு என்று நாள்கள் நகர்ந்து, 2023 நவம்பர் 1ஆம் தேதி டுஸ்ஸல்டார்ஃபில் வந்திறங்கினார். வகுப்புகள் அக்டோபர் 9 அன்றே தொடங்கிவிட்டன. மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டது.

நவம்பர் 1 இந்த மாநிலத்தில் அனைத்துப் புனிதர் நாள், பொது விடுமுறை. ஒரு கடை திறந்திருக்காது. சிம் கார்டு வாங்க முடியவில்லை, அரிசி வாங்க முடியவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கையும் பருப்புப் பொடியையும் தின்று முதல் இரவைக் கழித்தார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் குறித்துக்கொண்டது வேறு: பக்கத்து அறையில் ஆள் இருந்தது அவருக்குத் தெரியும். கதவைத் தட்டவில்லை. "புதுசா வந்துட்டு எப்படீங்ண்ணா அரிசி கேக்கறது?"

ஒரு தாளுக்காக

மாணவர் விடுதியில் காத்திருப்புப் பட்டியல் நீளம். மூன்று மாதத்துக்கு உள்வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்தார், மாதம் 420 யூரோ. வாடகைக்கு விட்டவர், இங்கே முகவரிப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அதன் பொருள் இவருக்கு அப்போது விளங்கவில்லை.

ஜெர்மனியில் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். பதிந்தால்தான் வரி எண் வரும். வரி எண் இருந்தால்தான் வேலையில் சேரும்போது சம்பளம் ஒழுங்காக வரும். குடியிருப்பு அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகம் முதலில் கேட்பதும் இந்தப் பதிவைத்தான். அரசு அனுப்பும் எதுவும் அந்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். நம் ஊரில் ரேஷன் கார்டு இல்லாமல் ஒரு குடும்பம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் இது புரியும்.

அந்தத் தாள் கிடைக்காமல் 2024 ஜனவரி இறுதிவரை ஓடினார். கடைசியில் நான்கு தமிழ்ப் பையன்கள் இருந்த ஒரு வீட்டில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தபோதுதான் பதிவு முடிந்தது. வகுப்புக்குப் போக வேண்டிய காலை நேரங்கள் அலுவலக வாசல்களில் கழிந்தன. போன வகுப்புகளிலும் இடறல். அட்டவணையில் 10 மணி என்று இருந்தால் 10 மணிக்குப் போய் உட்காருவார். அறை காலியாக இருக்கும். தப்பான அறைக்கு வந்துவிட்டோம் என்று எழுந்து வந்துவிடுவார். இரண்டு வாரம் இப்படி. நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் 15 நிமிடம் கழித்துத்தான் வகுப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அக்டோபர் முதல் வாரத்து அறிமுக நிகழ்ச்சிகளில் சொல்லியிருப்பார்கள். அப்போது அவர் சென்னையில் விசாவுக்காகக் காத்திருந்தார்.

டிசம்பரில் இந்தப் பகுதியில் எட்டரை மணிக்கு விடிந்து நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். கரூரில் அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிடும்போது இங்கே மாலை நாலரை. விளக்கைப் போட்டுக்கொண்டு பேசுவார். "ஏன் கண்ணு, அங்க இன்னும் விடியலையா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாராம்.

தேர்வறை வாசலில்

2024 பிப்ரவரி, முதல் தேர்வு. காலை எட்டரைக்கே அரங்க வாசலில் நின்றார். கையில் மாணவர் அட்டை, பாஸ்போர்ட், மூன்று பேனா. உள்ளே விடும்போது பட்டியலில் பெயர் தேடினார்கள். இல்லை. இன்னொரு முறை தேடினார்கள். இல்லை. பதிவு செய்யவில்லையே, எழுத முடியாது என்று அன்பாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் பதிவு செய்ததாகத்தான் நினைத்திருந்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் இணையக் கற்றல் தளத்தில் சேர்ந்திருந்தார். பாடக் குறிப்புகள் வந்தன, அறிவிப்புகள் வந்தன. ஆனால் அது பாடத்தில் சேர்வது மட்டுமே. தேர்வுக்கு வேறு தளத்தில், வேறு தேதிக்குள், தனியாகப் பதிய வேண்டும். ஜனவரி நடுவில் அந்தத் தேதி முடிந்துவிட்டது. வீட்டிலிருந்த ஒருவர், "தன்னால பதிவாயிடும்" என்று சொல்லியிருந்தார். அவருடைய துறையில் ஒரு காலத்தில் அப்படி இருந்ததோ என்னவோ.

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா தம்பி?" என்று பின்னால் கேட்டேன்.

"ஹால் டிக்கெட் வரும்னு பாத்துட்டு இருந்தேனுங்ண்ணா."

இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. பலமுறை யோசித்துப் பார்த்தேன், நம் பொறியியல் கல்லூரியில் ஒரு மாணவன் தேர்வறைக்குள் போவதற்கு முன் எத்தனை பேர் அவனைத் தொடுகிறார்கள் என்று. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் துறைத்தலைவர் கூப்பிட்டு விடுவார். இரண்டு நாள் வரவில்லை என்றால் வகுப்பு ஆலோசகர் வீட்டுக்குப் போன் போடுவார். உள்மதிப்பெண் குறைந்தால் அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று வகுப்பில் வந்து கத்துவார்கள். கடைசியில் ஹால் டிக்கெட்டைக் கையிலேயே கொடுப்பார்கள். அந்தச் சீட்டு, 'நீ இருக்கிறாய், உன்னைக் கணக்கில் வைத்திருக்கிறோம்' என்று சொல்லும் சீட்டு.

இங்கே வருகைப் பதிவேடு இல்லை. உள்மதிப்பெண் பெரும்பாலும் இல்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது அவர்கள் தரும் மரியாதை: நீ வளர்ந்தவன், உன் படிப்பு உன் பொறுப்பு. நமக்கு அது வேறு மாதிரி வந்து சேர்கிறது. யாரும் கேட்கவில்லை என்றால் எல்லாம் சரியாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

அன்று இரவு அப்பாவின் அழைப்பு. "எப்படி எழுதினே சாமி?" "நல்லா எழுதியிருக்கேன்பா." மற்ற நான்கு தேர்வு நாள்களிலும் அதே கேள்வி, அதே பதில். முதல் பருவத்தில் பெற வேண்டிய 30 கிரெடிட்டில் அவர் பெற்றது பூஜ்யம்.

இரண்டாம் பருவம்

பொய் சொன்னதை வேலையால் ஈடுகட்டப் பார்த்தார். ஒரு பார்சல் கிடங்கில் வாரம் நான்கு இரவு, பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. 2024இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை பார்க்கலாம் என்றிருந்த வரம்பு அந்த மார்ச்சில்தான் 140 ஆனது. ஆக, சட்டப்படி அவர் செய்தது சரி. இரவு இரண்டு மணிக்கு வேலை முடியும், ரயில் கிடைத்து வீடு வரும்போது மூன்றரை. "வட்டியை இனி நான் கட்டறேன்பா" என்று அப்பாவிடம் சொல்லி மாதாமாதம் அனுப்பத் தொடங்கினார். அப்பாவுக்குப் பெருமை. பட்டறையில் சொல்லிக்கொண்டாராம்.

இந்த முறை நான்கு தேர்வுகளுக்குச் சரியாகப் பதிவு செய்தார். மூன்றில் 5.0, அதாவது தோல்வி. ஒன்றில் 3.7, தேர்ச்சி. இங்கே 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி. அவருடைய 8.4 சேர்க்கையின்போது கிட்டத்தட்ட 2.0 என்று மாற்றிக் கணக்கிடப்பட்டிருந்தது. 3.7ஐப் பார்த்தபோது அதைத் தேர்ச்சி என்றே அவரால் நினைக்க முடியவில்லை. ஜெர்மன் மாணவர்கள் 4.0 வாங்கிவிட்டு, 'நாலு ஜெயிக்கும்' என்று பலகை விளையாட்டு ஒன்றின் ஜெர்மன் பெயரைச் சொல்லித் தோளைத் தட்டிக்கொள்வார்கள். முதல் மதிப்பெண்காரனாகவே வளர்ந்த பிள்ளைக்கு அந்த நிம்மதி வருவதில்லை.

தோற்ற மூன்றைப் பற்றி வீட்டுத் தோழர்களிடம் சொன்னபோது, "அரியர்தானே மச்சான், அடுத்த செம்ல தூக்கிடலாம்" என்றார்கள். அரியர் என்ற சொல்லே இங்கே ஆபத்தானது என்பது என் கருத்து. நம் ஊரில் அரியரைப் பலமுறை எழுதலாம். இங்கே பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஒரு தேர்வுக்கு மூன்றே முயற்சி. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதற்கும் கதவு அடைபட்டுவிடும். இதைத் தெரிந்துகொண்ட இரவில் அவர் தூங்கவில்லை. அதன்பின் பல இரவுகளும்.

செப்டம்பரிலிருந்து தபால்பெட்டியைத் திறப்பதை நிறுத்தினார். சரியாகச் சொன்னால், கடிதங்களை எடுப்பார், பிரிக்கமாட்டார். ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

ஹாம் கோயிலில்

ரூர் பகுதியின் கிழக்கு ஓரத்தில் ஹாம் நகரம். அங்கே ஊன்ட்ரோப் என்ற இடத்தில் தொழிற்பேட்டைக்கு நடுவே காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002இல் குடமுழுக்கு. பல்கலைக்கழகக் கட்டணத்தோடு வரும் பயணச் சீட்டிலேயே அங்கே போய்வரலாம் என்பதால் நம் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதுண்டு. கடைகள் மூடியிருக்கும் ஞாயிறு இங்கே நீளமானது.

2024 நவம்பரில் ஒரு ஞாயிறு. அன்னதானப் பந்தியில் ஓர் ஈழத்து அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை சோறு வைக்கும்போது கேட்டாராம்: "தம்பி, முகம் வாடிக் கிடக்கு. தனியவோ இருக்கிறீங்கள்? படிப்பு எப்பிடிப் போகுது?"

ஓராண்டில் அந்தக் கேள்வியை நேரில், முகத்தைப் பார்த்து அவரிடம் கேட்ட முதல் ஆள் அவர். தம்பி சோற்று இலைக்கு முன்னால் அழுதுவிட்டார். அக்கா அவரைச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "நீங்கள் கொஞ்சம் வந்து பார்க்கோணும். பிள்ளை ஏதோ மறைக்குது." முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே அலுவலகங்களுக்கு மொழி தெரியாமல் அலைந்தவர் அவர். கட்டிலுக்கடியில் கடிதம் ஒளித்தவர்களைப் பார்த்த கண் அது.

பையைப் பிரித்தது

அடுத்த சனிக்கிழமை பையோடு என் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் கொட்டினோம். இருபத்து மூன்று கடிதங்கள். முதலில் எதையும் படிக்கவில்லை. பிரித்து, தேதி வரிசையில் அடுக்கினோம். அதற்கே ஒரு மணி நேரமானது, ஏனென்றால் ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் அவர் கை நின்றது.

ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஐந்து. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியது. 'எங்கிட்டதான் டி.வி. இல்லையே' என்று விளம்பரமாக நினைத்து ஒதுக்கியிருந்தார். ஆனால் இது வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்றல்ல. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய எண்ணைக் குறிப்பிட்டு ஒரு தாள் அனுப்பினால் தீர்ந்தது. மருத்துவக் காப்பீட்டிலிருந்து மூன்று. வங்கியிலிருந்து சில. இரண்டு மாதத்துக்கு மேலாகப் பயந்த குவியலில் பாதிக்கு மேல் வெறும் தகவல் கடிதங்கள்.

ஒன்று மட்டும் அப்படியல்ல. வெளிநாட்டவர் அலுவலகம் எழுதியது. குடியிருப்பு அனுமதி டிசம்பர் இறுதியில் முடிகிறது. நீட்டிக்க, படிப்பில் முன்னேற்றம் காட்டும் சான்றும் அடுத்த ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் கொண்டு வர வேண்டும். அந்த செப்டம்பரில் ஆண்டுத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்திருந்தது. அவர் கணக்கில் இருந்தது 1,300 சொச்சம்.

இந்த இடத்தில் அவர் சொன்னது: "ஊருக்குப் போயிடறேனுங்ண்ணா."

போவதும் ஒரு முடிவுதான், அதில் அவமானம் இல்லை என்று சொன்னேன். உண்மையாகவே அப்படி நினைக்கிறேன். திரும்பிப் போய் நன்றாக வாழ்பவர்களை அறிவேன். ஆனால் எத்தனை கதவு மூடியிருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டாம் என்றேன்.

செய்தவை

முதல் வேலை, துறையின் படிப்பு ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல். தம்பி ஏற்கெனவே ஒரு வரைவு வைத்திருந்தார், இரண்டு பக்கம். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்டு, குடும்ப நிலையைச் சொல்லி, ஆவன செய்யுமாறு வேண்டி முடிந்தது. கேள்வி எங்கே என்று தேடினேன். இல்லை. அவர் எழுதியிருந்தது விண்ணப்பம், அதிகாரிக்கு. நான்கு வரியாக்கினோம்: பெயர், மாணவர் எண், மூன்று தேர்வில் தோற்றிருக்கிறேன் மீதி முயற்சிகளைத் திட்டமிட வேண்டும், எப்போது வரலாம். மறுநாள் காலை பதில் வந்தது. அடுத்த வாரமே சந்திப்பு.

போனவர் நின்றுகொண்டே பேசத் தொடங்கினாராம், உட்காரச் சொன்னார்கள். ஆலோசகர் கணினியில் பார்த்துச் சொன்ன கணக்கை அவர் அதுவரை போட்டுப் பார்க்கவில்லை. முதல் பருவத்தில் தேர்வெழுத விடாமல் அனுப்பினார்களே, அவை முயற்சிகளாகக் கணக்கில் இல்லை. பதிவே இல்லாததால் தோல்வியும் இல்லை. ஆக மூன்று பாடங்களிலும் போனது ஒரு முயற்சிதான், இன்னும் இரண்டு மீதம். எந்தப் பிழையை நினைத்து ஒன்பது மாதம் குமைந்தாரோ அது அவருடைய முயற்சி ஒன்றைக்கூடத் தின்னவில்லை. வெளியே வந்து எனக்குப் போன் செய்தபோது அவர் குரல் வேறாக இருந்தது.

அந்தப் பருவத்துக்கு மூன்று தேர்வு மட்டும் என்று முடிவானது, 18 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு இங்கே 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. இரவு வேலையோடு 30 கிரெடிட் என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

அடுத்தது, திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை. தேர்வு முடிந்தபின் இதற்கென ஒரு நாள் வைப்பார்கள். போனால் தாளைக் கையில் தருவார்கள். அவர் போனதே இல்லை, 'சண்டைக்குப் போற மாதிரி இருக்கும்' என்று. நாள் முடிந்துபோயிருந்தாலும் கேட்டதும் இரண்டு பேராசிரியர்கள் காட்டினார்கள். தாளைப் பார்த்ததில் காரணம் வெளிப்பட்டது. 90 நிமிடம், 90 மதிப்பெண். அதாவது நிமிடத்துக்கு ஒன்று. ஆறு மதிப்பெண் கேள்விக்கு அவர் ஒன்றரைப் பக்கம் சூத்திர வருவிப்பு எழுதியிருந்தார், கேட்காததை. பக்கம் நிறைந்தால் மதிப்பெண் நிறையும் என்ற பழக்கம். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. பாடம் தெரியாமல் தோற்கவில்லை. ஜெர்மனியில் கால்வைக்கும் ஒவ்வொரு மாணவரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்: தோற்றால் உன் தாளைப் போய்ப் பார்.

பழைய வினாத்தாள்கள் மாணவர் மன்றத்தின் அறையில் இருந்தன. ஒவ்வொரு துறைக்கும் அப்படி ஒரு மன்றம் உண்டு, சோஃபாவும் காபி இயந்திரமுமாக; யார் வேண்டுமானாலும் நுழையலாம். அவர் ஓராண்டாகத் தினமும் அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறார். அங்கே ஒரு துருக்கி மாணவியும் ஓர் ஈரானியரும் பயிற்சிக் கணக்குகளைச் சேர்ந்து போடுவார்கள். போய் உட்கார்ந்தார், சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்களே, கைதட்டலுக்குப் பதிலாக, அந்தக் குழுவோடு உட்கார்ந்த பிறகுதான் தானும் தட்டத் தொடங்கியதாகச் சொன்னார்.

இதைக் கேட்பவர்கள், 'அதான் சொல்றோம், தமிழ்ப் பசங்களோடவே இருக்கக் கூடாது' என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்த ஐந்து பேர் வீடுதான் அவருக்கு முகவரி கொடுத்தது. முறை வைத்துச் சமைத்து, காய்ச்சலில் ரசம் வைத்துக் கொடுத்து, தாளிக்கும்போது புகை மணி அலறாமல் ஜன்னலைத் திறந்து வைத்து அவரை மனிதராக வைத்திருந்ததும் அதுதான். குறை ஒன்றே: தேர்வு விதிகளை வீட்டில் கேட்டார். வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது அவரவர் துறை, அவரவர் ஆண்டு. விதியை விதி வைத்திருக்கும் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

தூக்கத்துக்கு, மாணவர் சேவை அமைப்பின் இலவச உளவியல் ஆலோசனை. "எனக்கு என்ன பைத்தியமாங்ண்ணா?" என்றவரை இரண்டு வாரம் வற்புறுத்த வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலேயே பேசலாம். ஐந்து முறை போனார். உள்ளே பேசியதை நான் கேட்கவில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். மூன்றாம் முறைக்குப் பின் இரவு வேலையை விட்டார். அதற்குப் பதிலாக ஓர் ஆய்வகத்தில் வாரம் பத்து மணி நேர மாணவர் உதவியாளர் வேலை, ஜனவரியிலிருந்து. பணம் குறைவு, ஆனால் பகல்.

அப்பாவிடம்

பணச் சான்றுக்குக் கடனின் அடுத்த பகுதியை வங்கியிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு அப்பா கையெழுத்து; வங்கி மதிப்பெண் பட்டியல் கேட்கும். எனவே சொல்லியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் எளிதாகச் செய்துகொண்டு வந்தவர் இதற்கு மட்டும் பத்து நாள் தள்ளினார்.

ஒரு மாலை என் வீட்டிலிருந்தே கூப்பிட்டார். நான் வெளியே போகிறேன் என்றேன், இருக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். தேர்வறைக்குள் விடவில்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும், நிறுத்தாமல், எழுதி வைத்ததைப் படிப்பது போலச் சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ தகரத்தைத் தட்டும் ஓசை. பட்டறையில் இரவு வேலை போலிருக்கிறது.

"காசு போனாப் போகுது," என்றார் அப்பா. "ஒன்பது மாசமா எங்கிட்டச் சொல்லாம எப்படிச் சோறு தின்னே?"

கொஞ்சம் கழித்து: "ரிவெட்டு தப்பா விழுந்தா அப்பவே பிரிச்சுருவோம் சாமி. மேல தகரத்தப் போட்டு மூடுனா வண்டி ரோட்டுல போறப்ப பேசும். உனக்குத் தெரியாதா? பட்டறையிலதான வளந்தே."

இதுவரை அனுப்பிய வட்டிப் பணத்தை அவர் தொடவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார், பையன் திரும்பி வரும்போது தர. அது சுமார் 90,000 ரூபாய். அந்தத் தொகையும் கடனின் மீதியும் ஆய்வக வேலை ஒப்பந்தமும் சேர்ந்து பணச் சான்றாயின. முன்னேற்றத்துக்கு ஒரே ஒரு தேர்ச்சிதான் இருந்தது, அந்த 3.7. அதோடு ஆலோசகர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் திட்டம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி திட்டத்தைப் படித்துவிட்டு, இதன்படி படிக்கிறாயா என்று கேட்டார். ஆம் என்றார். ஓராண்டு நீட்டித்தார்கள். நான்கு மாதம் அவமானமாகச் சுமந்த 3.7தான் அன்று அவரை இந்த ஊரில் இருக்க வைத்தது.

இன்றைய நிலை

2025 பிப்ரவரி, மார்ச்சில் மூன்று தேர்வு எழுதினார். 2.7, 3.3. மூன்றாவதில் மறுபடி 5.0. கோடைப் பருவத்தில் புதிய பாடங்கள் நான்கில் தேர்ச்சி பெற்று இப்போது 42 கிரெடிட் இருக்கிறது. இரண்டாண்டில் முடிக்க வேண்டிய 120க்கு இன்னும் மூன்று பருவமாவது ஆகும். அப்பாவிடம் அதையும் சொல்லிவிட்டார்.

இரண்டு முறை போன அந்தப் பாடம் கட்டாயப் பாடம், நீக்க முடியாது. மூன்றாவது முயற்சி வரும் பிப்ரவரியில். தாளைப் பார்க்கப் போனார். பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு மூன்று முறை போய்த் தவறிய கணக்குகளை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினார். மூன்றாம் முறை பேராசிரியர், அடுத்த வாரமும் வாருங்கள் என்றாராம். என்னிடம் அவர் இப்போது கேட்பவை அநேகமாக நான் பதில் அறியாத கேள்விகள்; இயந்திர அதிர்வியலில் எனக்கு அவ்வளவு தேர்ச்சி இல்லை.

தேர்வுப் பதிவு டிசம்பரில் திறக்கும். திறக்கும் தேதியும் மூடும் தேதியும் எழுதிய தாள் ஒன்று அவர் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் தபால்பெட்டிச் சாவி. அதே தாளின் படம் கரூரில் அப்பாவின் போனிலும் இருக்கிறது.